பூசைக்கு முந்தின நாள் சொருகிய வயர்

பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய செய்முறைத் தேர்வு பத்தே முக்கால் ஆகியும் தொடங்கவில்லை. பசுமலையில் ஒரு கல்லூரியின் மூன்றாம் மாடியில், நெட்வொர்க் லேபில், இருபத்திரண்டு பேர் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேள்வித்தாள் சர்வரில் இருந்தது. சர்வர் அதே அறையின் மூலையில், பத்தடி தூரத்தில் இருந்தது. எந்தக் கம்ப்யூட்டரைத் தட்டினாலும் 'சர்வர் கிடைக்கவில்லை' என்றே வந்தது. கண்ணெதிரே குத்துக்கல்லாட்டம் நிற்கிற பெட்டியைக் கிடைக்கவில்லை என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் மனசு வரும்.

மூன்றாவது வரிசையில் பதினேழாம் எண் கம்ப்யூட்டர் முன்னால் தங்கப்பொண்ணு இருந்தாள். வயது முப்பத்தேழு, ஊர் வாடிப்பட்டிப் பக்கம். மற்ற இருபத்தோரு பேருக்கும் அது தேர்வுக்கூடம். அவளுக்கு அது சோறு போடுகிற இடம். ஒன்பது வருடமாக அந்த லேபுக்கு அவள்தான் உதவியாளர். கூட்டுவது, துடைப்பது, ரெக்கார்டு நோட்டுகளை அடுக்குவது, ஏ.சி. ஒழுகினால் வாளி வைப்பது எல்லாம் அவள் வேலை. இன்றைக்கு மட்டும் அவள் அங்கே பரீட்சை எழுத வந்த ஆள்.

அவள் படிக்கப் போனதற்குக் காரணம் கோபம். ஆறு வருடத்துக்கு முன்பு முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி நெட் வரவில்லை என்று அரைமணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே போன தங்கப்பொண்ணு, "பாப்பா, ஒன் வயரு அந்தப் பொட்டியில சொருகவே இல்ல. வெளக்கு எரியல பாரு" என்றாள். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்கா, நீங்க ஒங்க வேலையப் பாருங்க" என்றாள். பத்து நிமிடம் கழித்து அவளே எழுந்து போய் அதே வயரைச் சொருகினாள். நன்றி கிடக்கட்டும், தங்கப்பொண்ணு நின்ற பக்கம் ஒரு பார்வைகூட விழவில்லை. அந்த வாரமே தங்கப்பொண்ணு தொலைதூரக் கல்வியில் பி.சி.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. துறையின் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் பட்டங்கள் அணிவகுத்து நிற்கும். சிலருக்குப் பெயரைவிடப் பட்டம் நீளம். அவள் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி மட்டும் இருந்தது, அதுவும் எழுதியவரின் பேனா கசிந்து விழுந்தது. தினமும் காலையில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில்தான் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

படிப்பெல்லாம் பஸ்ஸில்தான். வாடிப்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெரியார் நிலையம் போய்ப் பசுமலைக்கு இன்னொரு பஸ். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் வரிக்கு வரி பென்சிலால் தமிழ் எழுதி வைத்திருந்தாள். சுவிட்ச் என்பதைப் புரிந்துகொண்டதே பஸ்ஸில்தான். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை இது; லேபில் எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் வந்து சேருகிற, வரிசையாக ஓட்டைகள் உள்ள பெட்டி. எந்த ஓட்டையில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று அது தானாகவே பழகிக்கொள்ளும். பழகாத முகவரிக்கு ஒரு தகவல் வந்தால் எல்லா ஓட்டைக்கும் அனுப்பிக் கேட்கும். ஒருநாள் பஸ்ஸில் புதிதாக வந்த கண்டக்டர், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பையைத் தூக்கிக் காட்டி, "யாருதுங்க இது? யாருது?" என்று முன்படியிலிருந்து பின்படி வரைக்கும் கத்தினார். பழைய கண்டக்டராக இருந்தால் பேசாமல், தினமும் அந்தப் பையோடு ஏறுகிற சமயநல்லூர்க்காரம்மா மடியில் கொண்டுபோய் வைத்திருப்பார். தங்கப்பொண்ணு அந்த இடத்திலேயே பென்சிலை எடுத்துப் புத்தகத்தின் ஓரத்தில் 'கண்டக்டர்' என்று எழுதிக்கொண்டாள்.

மற்ற பாடங்களெல்லாம் தேறிவிட்டன. நெட்வொர்க் செய்முறை மட்டும் இரண்டு முறை காலை வாரியது. முதல் தடவை தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்க, விடை தெரிந்தும் வாய் வராமல், "தெரியும் சார், தெரியும் சார்" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இரண்டாம் தடவை, கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கிற முகவரி எண்களைப் பாகம் பிரிக்கிற கணக்கில் ஒன்று தவறியது. இது மூன்றாவது. பல்கலைக்கழகம் மூன்று வருடப் படிப்புக்கு ஆறு வருடம்தான் அவகாசம் தரும். இந்தத் தேர்வோடு அது முடிகிறது. இன்று தேறாவிட்டால் தேறிய பாடங்களும் சேர்ந்து போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலிலிருந்து ஆரம்பிக்கத் தன்னால் முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பதினொண்ணரை வரைக்கும் பாப்பேன்" என்றார் இம்மானுவேல். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர். ஒல்லியான ஆள், முகத்தில் சிரிப்புக்கு இடமே ஒதுக்கவில்லை. "அதுக்கு மேல போனா, தேர்வு நடத்த முடியலன்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நாளைக்கு எனக்கு வேற சென்டர்."

துறைத் தலைவர் சரண்யாதேவிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கோபத்தைத் தேர்வாளரிடம் காட்ட முடியாது. அதனால் அது நேராக அழகுபாண்டி மேல் போய் விழுந்தது. அழகுபாண்டி லேப் டெக்னீஷியன், ஒப்பந்த ஆள், வந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

"பூசைக்கு முன்னாடி வரைக்கும் நல்லா ஓடுச்சுல்ல? என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். சனிக்கிழமை வந்து ஒரே ஒரு சிஸ்டத்தப் போட்டு, பிள்ளையார் சுழி டைப் பண்ணிட்டு ஆஃப் பண்ணேன். அம்புட்டுத்தான்."

அது உண்மைதான். வெள்ளிக்கிழமை ஆயுதபூசை. பூசையில் வைத்த எதையும் அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்குப் பேருக்கு எடுத்துத் தொடங்கினால் போதும். ஞாயிறு விடுமுறை. ஆக, வியாழக்கிழமை சாயங்காலம் துடைத்துப் பொட்டு வைத்த லேப், திங்கட்கிழமை காலையில்தான் மொத்தமாக உயிர் பெற்றிருக்கிறது. இடையில் அதற்கு என்ன சீக்கு வந்தது என்று பார்க்க ஆள் இல்லை.

அழகுபாண்டி சுவரோரம் இரும்புக் கூண்டில் இருந்த பெரிய சுவிட்சை அணைத்துப் போட்டான். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒரு நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. முன்வரிசையில் ஒருவர், "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கத்தினார். அவர் வாயை மூடுவதற்குள் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெறிபிடித்தது போலத் துடிக்கத் தொடங்கின. திரையில் மறுபடியும் அதே வாசகம். அழகுபாண்டி சர்வர் வயரை மாற்றினான், கூண்டிலிருந்த இன்னொரு வயரையும் மாற்றினான். மறுபடி அணைத்துப் போட்டான். மறுபடி ஒரு நிமிடம், மறுபடி வெறி.

தங்கப்பொண்ணு அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாகப் பார்க்கிற விளக்குகள். வேலை நடந்தால் ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்று சிமிட்டும். எல்லாம் ஒன்றாகத் துடித்து அவள் பார்த்ததில்லை. எல்லா ஓட்டைக்கும் ஒரே நேரத்தில் தகவல் போகிறதென்றால் கண்டக்டர் எல்லாரையும் கேட்கிறார் என்று அர்த்தம். ஒரு தடவை கேட்டால் நின்றுவிட வேண்டும். இது நிற்கவில்லை. கேட்ட கேள்வி வேறொரு வாசல் வழியாகத் திரும்ப அவரிடமே வருகிறது, அவர் புதுக் கேள்வி என்று நினைத்து மறுபடி எல்லாரையும் கேட்கிறார். புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் உண்டு. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவில் ஒரு வயர்தான் போக வேண்டும், இரண்டு போனால் வளையம் ஆகிவிடும், தகவல் சுற்றிச் சுற்றி வந்தே எல்லாவற்றையும் அடைத்துவிடும் என்று படம் போட்டிருக்கும்.

இரண்டாவது வயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்த கணத்தில் அவள் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம். 'டிக்' என்று ஒரு சத்தம்.

அவள் அன்றைக்கு லேபுக்குள் வந்திருக்கவே கூடாது. புதன்கிழமையே சரண்யாதேவி எழுத்தில் உத்தரவு போட்டிருந்தார். நீ தேர்வு எழுதுகிறவள், தேர்வு முடிகிற வரைக்கும் வேலையென்று லேபுக்குள் கால் வைக்கக் கூடாது, சாவி அழகுபாண்டியிடம் இருக்கட்டும் என்று. அவளும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தாள். வியாழக்கிழமை வராந்தாவில் நின்று பார்த்தால், மாணவர்கள் ஈரத் துணியால் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கீபோர்டில் சந்தனம் ஒழுகிக்கொண்டிருந்தது. பார்க்கவே நெஞ்சு எரிந்தது. அழகுபாண்டியும், "அக்கா, இவிங்க கெடுத்துப்புடுவாய்ங்க. ஒரு பத்து நிமிசம் வந்து நீங்களே தொடச்சுப் பொட்டு வச்சுட்டுப் போயிருங்க, யாரு பாக்கப் போறா" என்றான். வந்தாள். பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரம் ஆனது.

கடைசி வரிசையில் ஒரு கம்ப்யூட்டர் பழுதுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன் வயர், கூண்டிலிருந்து வருவது, மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பூசை போடுகிற இடத்தில் ஒன்று அறுந்த வால் போலத் தொங்கினால் தங்கப்பொண்ணுக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்திலேயே அந்த வரிசைக்கென்று வைத்த, கூண்டிலிருந்து ஏற்கெனவே ஒரு வயர் வந்து சேர்ந்திருந்த சின்ன எட்டு ஓட்டைச் சுவிட்ச் இருந்தது. அதில் ஒரு ஓட்டை காலி. சொருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தப் பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு கும்பிடும் போட்டாள்.

இப்போது கழுத்தை மெல்லத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். பெட்டியின் பின்பக்கம் அங்கிருந்து தெரியவில்லை. மேலே காய்ந்த சந்தனப் பொட்டு மட்டும் தெரிந்தது.

சொன்னால் என்ன ஆகும்? தடை போட்டும் லேபுக்குள் நுழைந்து, தேர்வுக் கருவிகளில் கை வைத்த தேர்வர். வெளியே போ என்று சொல்ல அது ஒன்றே போதும். சொல்லாவிட்டால் பதினொன்றரைக்குத் தேர்வாளர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். மற்றவர்களுக்கு அடுத்த தேர்வு இருக்கிறது, அவளுக்கு இல்லை. இரண்டு வழியிலும் முட்டுச்சந்து. மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது, அதையும் அவள் முயன்று பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"சார், பாத்ரூம் போகணும்."

"வாசல் அந்தப் பக்கம் இருக்கும்மா" என்றார் இம்மானுவேல். அவள் கால் பின்வரிசைப் பக்கம் திரும்பியிருந்தது.

"இல்ல சார், பின்னாடி என் பை…"

"பையெல்லாம் வெளியதான வைக்கச் சொன்னேன். உக்காருங்க. சும்மா எந்திரிச்சு நடமாடக் கூடாது."

உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்த்தது. பரீட்சையில் திருட்டுத்தனம் செய்யப் போன முதல் தடவை, அதுவும் பிட் அடிக்க இல்லை, ஒரு வயரைப் பிடுங்க. அதற்கே இந்தப் பாடு.

மணி பதினொன்று ஐந்து. சர்வீஸ் கம்பெனிக்குப் போன் போட்ட அழகுபாண்டி, மத்தியானம் மூணு மணிக்கு ஆள் வருவாராம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சரண்யாதேவி, "மூணு மணிக்கு அவரு வந்து என்ன, நம்ம எல்லாருக்கும் மால போடுவாரா?" என்று கேட்டார். அதன்பிறகு, இந்த மாதத்தோடு உன் ஒப்பந்தம் முடிகிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அழகுபாண்டிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. தங்கப்பொண்ணு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"சும்மா உக்காந்திருக்க வேண்டாம். வாய்மொழித் தேர்வ முடிச்சிருவோம்" என்றார் இம்மானுவேல். ஒருவேளை லேப் சரியானால் நேரம் மிஞ்சும். முதல் வரிசையிலிருந்து ஆளுக்கு இரண்டு கேள்வி வீதம் கேட்டுக்கொண்டே வந்தார். பதினேழாம் எண்ணுக்கு வரும்போது பதினொன்று பதினெட்டு.

முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் தடவை நடந்த அதே கதை. இம்மானுவேல் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "தமிழ்லயே சொல்லும்மா. சுவிட்சுக்குத் தெரியாத ஒரு முகவரிக்குத் தகவல் வருது. அது என்ன பண்ணும்?" என்றார்.

"எல்லா ஓட்டைக்கும் அனுப்பும் சார். வந்த ஓட்டையத் தவுர. புதுக் கண்டக்டர் பைய யாருதுன்னு எல்லாத்துகிட்டயும் கேக்குற மாதிரி."

"பதில் வந்தா?"

"எந்த ஓட்டையில இருந்து வந்துச்சுன்னு எழுதி வச்சுக்கிரும். அடுத்த தடவ நேரா அங்கயே அனுப்பிரும்."

"ம். சரி" என்று மார்க் போடக் குனிந்தார். அடுத்த ஆளிடம் போகப் போகிறார். போனால் போனதுதான்.

"சார்" என்றாள். "இப்ப அங்க ஓடுறதும் அதுதான் சார். கேட்ட கேள்வி திரும்பத் திரும்ப வருது. கடைசி வரிசைப் பொட்டிக்குக் கூண்டுல இருந்து ரெண்டு வயரு போகுது. ஒண்ணுதான் போகணும். ஒண்ணப் புடுங்கிட்டா சரியாயிரும்."

இம்மானுவேல் பேனாவை நிறுத்தினார். கடைசி வரிசையைப் பார்த்தார், அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"இங்க இருந்து பாத்தா அந்தப் பெட்டியோட பின்பக்கம் தெரியலையே. ரெண்டு வயர்னு எப்படித் தெரியும்?"

ஒன்பது வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன் சார், ஊகம்தான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பொய் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் தோளுக்குப் பின்னால் அழகுபாண்டி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வேண்டாம் என்று யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினான். அவளைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்துவிட்டவன் அவன்தானே.

"நாந்தான் சார் சொருகுனேன்" என்றாள் தங்கப்பொண்ணு. "வியாழக்கெழம பூசைக்குத் தொடைக்கையில. தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு, பாக்க நல்லா இல்லன்னு சொருகிட்டேன்."

சரண்யாதேவிதான் முதலில் வாயைத் திறந்தார். "புதன்கெழமதானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த? அப்புறம் எப்படி உள்ள வந்த? சாவி ஒங்கிட்ட இல்லையே!"

யாரையும் காட்டிக்கொடுக்கிற யோசனையே அவளுக்கு இல்லை. ஆனால் அழகுபாண்டி, "நாந்தான் மேடம் கூப்பிட்டுத் தொறந்துவிட்டேன்" என்றான். அவன் அதைச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அவனே போய் அந்த வயரைப் பிடுங்கினான். கூண்டுச் சுவிட்சை அணைத்துப் போட்டான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். விளக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாவகாசமாகச் சிமிட்டின. இருபத்திரண்டு திரையிலும் கேள்வித்தாள் வந்தது. பதினேழாம் எண் திரையிலும் வந்தது. பதிவு எண்ணை அடிக்க அவள் கையைத் தூக்கினாள்.

"நீங்க எந்திரிங்க" என்றார் இம்மானுவேல். "நீங்க தயார் பண்ணின லேப்ல நீங்க எழுத முடியாது. வெளிய நில்லுங்க."

வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. உள்ளே கீபோர்டு சத்தம் சடசடவென்று கேட்டது, அவள் சரிசெய்து கொடுத்த நெட்வொர்க்கில் இருபத்தோரு பேர் பரீட்சை எழுதுகிற சத்தம். கணவர் சங்கிலி காலையில் தன் மினிலாரியில் ஆரப்பாளையம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "முடிஞ்சதும் போன் பண்ணு, என்ன ஆனாலும் சரி" என்று சொல்லியிருந்தார். என்ன ஆனது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? தோற்றுப்போனேன் என்றால் புரியும். தொங்கிய வயரைச் சொருகியதால் தோற்றேன் என்றால் எந்தப் புருஷனுக்குப் புரியும்? அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

கால்மணி நேரம் கழித்து இம்மானுவேலும் சரண்யாதேவியும் வெளியே வந்தார்கள். உள்ளே அழகுபாண்டியை மேற்பார்வைக்கு விடாமல் ஓர் ஆசிரியரை உட்கார வைத்திருந்தார்கள்.

"இந்த மாடியில ஒங்க கை படாத பொருள் எதாவது இருக்கா?" என்று கேட்டார் இம்மானுவேல்.

தங்கப்பொண்ணு நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "இல்ல சார்."

சரண்யாதேவிக்கு அந்தக் கோபத்திலும் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "ஸ்டோர் ரூம்ல போன வாரம் வந்த பார்சல் இருக்கு சார். சீல் ஒடைக்கல. இவ லீவுல இருந்தப்ப வந்தது" என்றார்.

அதுதான் தேர்வுக்கூடம் ஆனது. ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம், ஒரு மேசை, ஒரு டியூப்லைட். தேர்வாளர் பார்சலைத் தன் கையால் பிரித்தார். ஒரு புதுச் சுவிட்ச், ஒரு சுருள் வயர், முனையில் மாட்டுகிற ஐந்து கனெக்டர், அதை நெருக்குகிற கைக்கருவி. கம்ப்யூட்டருக்கு அவருடைய மடிக்கணினி ஒன்று, சரண்யாதேவியுடையது ஒன்று. ஒரு தாளில் முகவரிகளைப் பாகம் பிரிக்கிற கணக்கை எழுதி நீட்டினார். போன தடவை அவள் கோட்டைவிட்ட அதே வகைக் கணக்கு. "ரெண்டையும் ரெண்டாவது பாகத்துல வச்சு இணைச்சுக் காட்டணும். ஒரு மணி நேரம். உள்ள இருக்கிறவங்களுக்கு வயர் எல்லாம் போட்டே இருக்கு, ஒங்களுக்குப் போடணும். கஷ்டமானதுதான். இதுக்குச் சம்மதமா?"

"சம்மதம் சார்."

வயரின் மேல்தோலை உரித்தாள். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், நான்கு ஜோடி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று வரிசையை உதடு அசையச் சொல்லி, பூக்கட்டுகிறவள் போல விரலிடுக்கில் அடுக்கினாள். முதல் கனெக்டரை நெருக்கினாள். உற்றுப் பார்த்தால் பழுப்புக் கம்பி முனைவரைக்கும் போய்ச் சேரவில்லை. வீண். நெருக்கியதைப் பிரிக்க முடியாது, வெட்டி எறிய வேண்டியதுதான். நான்கு முனைக்கு நான்கு கனெக்டர் மிச்சம். இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது. கைக்கருவியை மேசையில் வைத்துவிட்டு உள்ளங்கை வேர்வையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. மூன்றாவதும் நான்காவதும் உட்கார்ந்தன. கடைசிக் கனெக்டருக்குக் கம்பிகளை மூன்று முறை அடுக்கினாள். அதை நெருக்கியபோது நாற்பத்திரண்டு நிமிடம் போயிருந்தது. கணக்கைத் தாளில் போட்டாள். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு முகவரி, அறுபத்து நான்கு அறுபத்து நான்காக நான்கு பாகம். இரண்டாவது பாகம் அறுபத்து நான்கில் தொடங்குகிறது. பாகத்துக்கே பெயராக நிற்கிற அந்த முதல் எண்ணை எந்தக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்கக் கூடாது. போன தடவை கொடுத்தாள். இந்தத் தடவை அறுபத்தைந்தும் அறுபத்தாறும் கொடுத்தாள்.

முகவரிகளை அடித்து முடித்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். அவள் கணக்கில் மூழ்கியிருந்த நேரத்தில் தேர்வாளர் தன் பையிலிருந்து ஒரு குட்டி வயரை எடுத்துச் சுவிட்சில் ஒரு முனையைச் சொருகியிருந்தார். மறுமுனை மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே காலி ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கை தானாகவே அந்தப் பக்கம் போனது. போன கை பாதியில் நின்றது.

"சார், இதோட இன்னொரு முனை எங்க போகணும்?"

"நீங்கதான் சொல்லணும்."

"எனக்குத் தெரியல சார். தெரியிற வரைக்கும் அது பாட்டுக்குத் தொங்கட்டும்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். ஐம்பத்தாறாவது நிமிடம். ஒரு மடிக்கணினியிலிருந்து இன்னொன்றைக் கூப்பிடுகிற கட்டளையை அடித்தாள். திரை ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு பதில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு முறை வந்தது. தங்கப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"நான் ரெண்டையும் எழுதுவேம்மா" என்றார் இம்மானுவேல், பையை மூடிக்கொண்டே. "இங்க செஞ்சதுக்கு மார்க்கும் போடுவேன். தடைய மீறி லேபுக்குள்ள போனீங்கன்னு கல்லூரிக்கு ரிப்போர்ட்டும் கொடுப்பேன். பல்கலைக்கழகம் எத ஏத்துக்கிடும்னு எனக்குத் தெரியாது."

"எழுதுங்க சார். நடந்ததத்தான எழுதுறீக" என்றாள்.

அதன்பிறகு இரண்டு மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அழகுபாண்டியின் ஒப்பந்தத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு நீட்டித்தார்கள். லேபின் கடைசி வரிசை வயரில் அவனே ஒரு சீட்டைக் கட்டி, 'தொங்கினாலும் தொடாதே' என்று எழுதி வைத்தான். தங்கப்பொண்ணு தினமும் அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தேர்வு முடிவு வந்தது. சரண்யாதேவிதான் தன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார். தேர்ச்சி. ஐம்பத்து மூன்று மதிப்பெண். அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அதே கையில் மேசையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். "இதுவும் இன்னைக்குத்தான் ஆபீஸ்ல இருந்து வந்துச்சு. என்ன பண்றது, ரெண்டும் ஒரே நாள்ல வரணும்னு இருக்கு" என்றார்.

மெமோ. உத்தரவை மீறி, பூசைக்கு முந்தின நாள் நெட்வொர்க் லேபுக்குள் நுழைந்ததற்கும், அனுமதியின்றி இணைப்பை மாற்றியதற்கும் மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

மூன்று நாள் எதற்கு? அவள் அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கினாள். சரண்யாதேவியின் மேசை ஓரத்தில் நின்றுகொண்டே எழுதினாள். நான் லேபுக்குள் போனது உண்மை. வயரைச் சொருகியது உண்மை. எங்கே போகிறது என்று பார்க்காமல் சொருகியது என் தவறு. இனிமேல் அப்படி நடக்காது. தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே தெளிவாகப் பெயர் எழுத வேண்டும். 'தங்கப்பொண்ணு' என்று எழுதி, ஒரு புள்ளி வைத்தாள். பேனாவை மூடப் போனவள், மூடாமல், அந்தப் புள்ளியின் மேலேயே ஒரு காற்புள்ளி இழுத்து, பக்கத்தில் மெதுவாக எழுதினாள்: பி.சி.ஏ.